விருந்தாளி நாற்காலிக்கு ஒரு காவல்காரர்

வரவேற்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுடைய வாய் "வாங்க, வாங்க" என்று சொல்லும். கை கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த இனத்தைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். கல்யாண வாசலில், அலுவலக ஆண்டு விழாவில், அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில், எங்கெல்லாம் "அனைவரும் வருக" என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் அந்தத் துணிக்கு நேர் கீழே ஒருவர் நின்றுகொண்டு, "அனைவரும்" என்ற சொல்லுக்கு அன்றைக்கு என்ன பொருள் என்று தீர்மானித்துக்கொண்டிருப்பார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் சுலபம். இவர் நல்லவர். அதுதான் தொல்லை.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு சின்னத் தேவாலயத்தின் விருந்துக் கூடத்தில் நிற்கிறார். சபையார் அவரைப் பந்தி அண்ணன் என்பார்கள். ஐம்பத்தாறு வயதில், அறுபது வயதுக்காரர்களுக்கும் அவர் அண்ணன்தான். வார நாட்களில் ஒரு பண்டகசாலையில் பொறுப்பாளர். பெட்டி வந்தால், எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, உள்ளே என்ன, எந்தப் பக்கம் மேலே என்று நான்கு கேள்வி கேட்டு, சீட்டு ஒட்டி, அலமாரி எண் போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வரும். சீட்டு இல்லாத பெட்டியை அவர் பெட்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. பதினேழு வருடம் இப்படியே போனால் மனிதன் என்ன ஆவான்? ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப்பை நிறையச் சீட்டோடுதான் வருவார். கூடத்தின் தண்ணீர்ப் பீப்பாயில் "இந்தப் பக்கம் மேலே". கண்ணாடி டம்ளர் அடுக்கில் "கவனம், உடையும் பொருள்". பாடகர் குழுத் தலைவியின் நாற்காலியிலும் ஒருமுறை இதே சீட்டு ஒட்டியிருந்தது. தவறுதலாக ஒட்டிக்கொண்டது என்று அவர் சொன்னார். தலைவி இன்றுவரை நம்பவில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஐக்கிய விருந்து. நான்கு நீள மேசை, நாற்பத்திரண்டு நாற்காலி, நாற்பத்திரண்டு பேர். அதற்கும் மேலே ஒன்று உண்டு: வாசலுக்கு மிக அருகில், முதல் மேசையின் தலைமாட்டில், நாற்பத்து மூன்றாவது நாற்காலி. கடவுள் யாரைக் கூட்டிவருகிறாரோ அவருக்கு என்று பழைய போதகர் பதினொரு வருடத்துக்கு முன்னால் போட்டது. அதன் முன்னால் வெள்ளை விரிப்பு, கவிழ்த்த தட்டு, மடித்த கைத்துணி. முதுகுப் பக்கம் ஒரு சீட்டு: "அசைக்காதீர்."

யாரும் அசைக்கவில்லை. பதினொரு வருடத்தில் அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

பந்தி அண்ணனின் காவல் அப்படி. விருந்து தொடங்கினால் முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு இருபது அடி நகரமாட்டார். தன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நின்று சாப்பிடுவார். "உக்காந்து சாப்பிடுங்கண்ணே" என்றால், "நான் விருந்தாளி இல்லையே" என்பார், மிகுந்த தாழ்மையோடு.

புதிதாக ஒருவர் வாசலில் தலைகாட்டினால் அண்ணனின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலரும். இரண்டு கையையும் விரிப்பார். விரித்த கைகள் சரியாகக் கதவின் அகலம் இருக்கும். "வாங்க, வாங்க! இங்க எல்லாருக்கும் இடமிருக்கு!" பிறகு பெட்டிக்குக் கேட்கும் அதே நான்கு கேள்வி. எங்கிருந்து வர்றீங்க? யாரோட வந்தீங்க? எந்தச் சபை? யார் சொல்லித் தெரியும்? ஒன்றில் இடறினால் போதும். "தப்பா நினைக்காதீங்க" என்று தொடங்குவார். தப்பாக நினைக்க வேண்டிய எதையும் அவர் இந்த முன்னுரை இல்லாமல் சொன்னதில்லை. "தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் பின்பக்கம் போய் இருங்க, கூப்பிடறேன்." கூடத்தின் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஒரு முற்றம், குழாய், நான்கைந்து படிக்கட்டு. போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அண்ணனும் போய்ப் பார்த்ததில்லை. நாற்காலியை யார் பார்ப்பார்கள்?

"இந்தக் காலத்துல வர்றவங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று சபையாரிடம் வருத்தப்படுவார். உண்மையான வருத்தம்.

அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. சாப்பிடுகிறவர்கள் நாற்பத்திரண்டு பேர். சமைப்பது அறுபது பேருக்கு. மீதி ஒரு கரண்டிகூட மிஞ்சுவதில்லை. எங்கே போகிறது? சமையல் அக்காவிடம் கேட்டால், "சாப்பாடு சாப்பிடத்தானே செஞ்சது?" என்று கரண்டியைத் துடைத்துக்கொண்டே பதில் வரும். அறுபத்தைந்து வயது அம்மாளிடம் அதற்குமேல் கேட்க முடியுமா? இரண்டாவது மேசைக்காரர்களின் வயிற்றின்மேல் அவருக்கு நெடுநாள் சந்தேகம்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது இளம் போதகர் ஒருவர் மாற்றலாகி வந்தார். எட்டு மாதம் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். ஒன்பதாவது மாதம், புதன்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் திறந்தார்.

"அண்ணே, இந்த விருந்துக்குப் பேரு என்ன?"

"ஐக்கிய விருந்து, பாஸ்டர்."

"எட்டு மாசமா அதே நாற்பத்திரண்டு முகம். நாமளே சமைச்சு, நாமளே சாப்பிட்டு, நாமளே நல்லா இருந்துச்சுன்னு சொல்லிக்கறோம். இதை அவங்கவங்க வீட்டுல செஞ்சுக்கலாமே?"

"நாற்காலி போட்டுத்தானே வச்சிருக்கோம், பாஸ்டர்! வர்றவங்க வரணுமே!"

"சரி. வர்ற ஞாயிறு பார்ப்போம். புதுசா ஒரே ஒருத்தர் வந்து நம்மளோட சாப்பிட்டாப் போதும், விருந்து நடக்கட்டும். யாரும் இல்லேன்னா அன்னைக்கே நிறுத்திடலாம்."

கமிட்டி தலையாட்டியது. கமிட்டிகள் அதற்காகத்தான் இருக்கின்றன.

பந்தி அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனார். வீடு என்றால் ஒரே அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேசை. மாதத்தில் மீதி எல்லா நாளும் அவர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார். நின்றுகொண்டு சாப்பிட்டாலும், நாற்பத்திரண்டு பேர் மெல்லுகிற சத்தத்துக்கு நடுவில் சாப்பிடுகிற ஒரே நாள் அந்த முதல் ஞாயிறுதான். அது போய்விட்டால்? அன்றிரவு சோறு இறங்கவில்லை. சுவரிலும் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் உறுதியோடு வந்தார். இன்றைக்கு யாராவது ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தே தீர்வது. யாராக இருந்தாலும் சரி. யாராக இருந்தாலும்! விரிப்பைப் புதிதாக வெளுத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார். தட்டைத் தன் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தார். ஆராதனை முடிவதற்கு முன்பே வாசலில் நின்றுவிட்டார்.

முதலில் வந்தவர் பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்யும் பெயின்டர். தலைமுடி முதல் கால்விரல் வரை இளம்பச்சை.

"வாங்க, வாங்க! எல்லாருக்கும் இடமிருக்கு!"

"சாப்பாடு போடறாங்கன்னு போர்டுல பாத்தேன். வரலாமாண்ணே?"

"தாராளமா!" என்ற அண்ணனின் கண் அந்தக் கையைப் பார்த்தது, பிறகு விரிப்பைப் பார்த்தது. வெள்ளை. இஸ்திரி. "தப்பா நினைக்காதீங்க தம்பி. பின்பக்கம் குழாய் இருக்கு. கையைக் காலைக் கழுவிட்டு வந்துடுங்க."

பெயின்டர் தப்பாக நினைக்காமல் பின்பக்கம் போனார். அவ்வளவுதான்.

அடுத்தது எதிர் வங்கியின் காவலாளி, வேலை முடிந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"யாரோட வந்தீங்க?"

"தனியாத்தாங்க வந்தேன்."

"எந்தச் சபை?"

"சபையெல்லாம் இல்லீங்க. அந்த பேங்க் வாசல்தான் நமக்கு."

"அப்ப யார் சொல்லித் தெரியும்?"

காவலாளி கொஞ்சம் யோசித்தார். "வாசனைதாங்க."

அண்ணனுக்கு இது புதுப் பதில். பதினொரு வருடத்தில் உறவினர் மூலம், நண்பர் மூலம், அறிவிப்புப் பலகை மூலம் என்று மூன்று அலமாரிதான் உண்டு. வாசனை மூலம் வந்த சரக்கை எங்கே வைப்பது? "தப்பா நினைக்காதீங்க. பின்பக்கம் படியில கொஞ்சம் இருங்க. பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

"நாங்களும் வாசல்ல இப்படித்தாங்க சொல்வோம்" என்று தொழில் மரியாதையோடு சொல்லிவிட்டுக் காவலாளி நகர்ந்தார்.

பிறகு ஓர் இளம் தாய், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அண்ணன் உண்மையாகவே கலங்கிப்போனார். பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கணக்கு இடித்தது. "ஒரு நாற்காலிதான் இருக்கும்மா. நீங்க மூணு பேரு."

"மடியில வச்சுக்கறேங்க."

"ஒண்ணை மடியில வைக்கலாம். ரெண்டாவது?"

"ரெண்டாவது நிக்கும்."

"விருந்தாளியை நிக்க வைக்கறதா? இங்கயா? அது மட்டும் முடியாதும்மா!" எவ்வளவு மரியாதை பார்த்தீர்களா? நிற்க வைக்க மனம் வராமல் அனுப்பியே விட்டார். பின்பக்கம் நிழல் இருக்கிறது. யாராவது சீக்கிரம் எழுந்தால் கூப்பிடுவதாக ஏற்பாடு.

மணி பன்னிரண்டரை. கூடம் நிறைந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில், அவரவருக்கு வழக்கமான ஆளோடு, போன மாதம் நிறுத்திய பேச்சை அதே வாக்கியத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார்கள். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் தட்டை மூன்றாம் தடவை துடைத்தார்.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி, நல்ல நறுமணம், கையில் பரிசுப் பொட்டலம்! அண்ணனின் வாயில் ஒரு கேள்விகூட வரவில்லை. சீட்டு ஒட்டாமலே தெரிகிறதே, இது மேல் அலமாரிச் சரக்கு. கையைப் பிடித்தார். "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!" என்று இழுத்துக்கொண்டுபோய், பதினொரு வருடமாக அசையாத நாற்காலியைத் தன் கையாலேயே அசைத்தார். நாற்பத்திரண்டு தலையும் திரும்பின. போதகர் எழுந்தேவிட்டார்.

வந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "மாப்பிள்ளை பொண்ணு எங்க?"

"யாரு?"

"இது ரிசப்ஷன் ஹால் இல்லையா?"

"அது அடுத்த தெரு. பரவாயில்ல, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்." அண்ணன் குரலில் கெஞ்சல்.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் அந்த மனிதர், பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. போய்விட்டார்.

இந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை.

ஜெபம் முடிந்தது. பரிமாறினார்கள். அண்ணன் வழக்கம்போல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார், ஆனால் தட்டை எடுக்கவில்லை. கறிப் பாத்திரம் இரண்டாம் சுற்றுக்கு வராததால் நான்காவது மேசையிலிருந்து குரல் கேட்டது: "அண்ணே, கறி தீந்துடுச்சாம்!"

தீர்ந்துவிட்டதா? அறுபது பேர் கறி, நாற்பத்திரண்டு பேர், அதுவும் முதல் சுற்றிலேயே? விருந்து போகப்போகிற நாளில், போவதற்கு முன் இந்தத் திருட்டையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. துக்கம் வரும்போது சிலருக்கு அழுகை வரும். இந்த இனத்துக்கு விசாரணை வரும். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர் நாற்காலியை விட்டுச் சமையலறைக்கு நடந்தார்.

அக்கா பெரிய பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். பதினெட்டு பேர் சாப்பாடு எங்க போகுது?"

"இருபத்திமூணு" என்றார் அக்கா. "இன்னைக்கு அஞ்சு கூட."

"யாரு எடுத்துட்டுப் போறாங்க?"

"நீ அனுப்பறவங்கதான்."

"நான் யாரை அனுப்பினேன்?"

அக்கா கரண்டியால் பின் ஜன்னலைக் காட்டினார். அந்த ஜன்னல் ஈ வரும் என்று மூடியிருப்பதாகவே அண்ணன் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவரே அதில் "திறக்காதீர்" என்று ஒட்டியிருந்தார். சீட்டின் நடுவில் பல வருடம் திறந்து மூடிய கிழிசல் இருந்தது.

திறந்தார்.

முற்றம் நிறைய ஆட்கள். படிக்கட்டில், குழாய்த் திண்டில், மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் தட்டோடு. பெட்டிகள் அவர் பண்டகசாலையிலிருந்து காய்கறி வைக்க என்று கொடுத்தவை. ஒவ்வொன்றும் "கவனம், உடையும் பொருள்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மனிதரையும் தாங்கியிருந்தது. கழுவிய கையோடு பெயின்டர். தொப்பியைக் கவிழ்த்து அதில் ரொட்டி வைத்திருந்த காவலாளி. அவர் மடியில் அந்தத் தாயின் இரண்டாவது. மீதி முகங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. போன மாதம் செருப்பைப் பின்பக்கம் விடச் சொல்லி அனுப்பியவர். மழைக்காலத்தில் குடை சொட்டியது என்று அனுப்பிய கிழவர். மூன்று வருடத்துக்கு முன் எந்தச் சபை என்ற கேள்விக்குச் சிரித்த பெண். பொறுமை இல்லாமல் போய்விட்டார்கள் என்று அவர் வருத்தப்பட்ட அத்தனை பேரும் மாதம் தவறாமல் வந்து, நேராகப் பின்பக்கமே வந்து, பொறுமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தைவிட இங்கே சத்தம் அதிகம். சிரிப்பு அதைவிட அதிகம்.

அண்ணன் பின்கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றார். என்ன கேட்பது? நான்கு கேள்வியில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

குடைக் கிழவர்தான் முதலில் பார்த்தார். வயதான கண், ஆளை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நகர்ந்து, தன் பெட்டியில் பாதியைத் தட்டிக் காட்டினார்.

"என்னப்பா நின்னுக்கிட்டே இருக்கே? புதுசா? வா, உக்காரு. தட்டு ஜன்னல்ல கொடுப்பாங்க. ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

பெயின்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காவலாளி குழந்தையின் காதைப் பொத்தினார், பெரியவர்கள் ஏதோ பேசப்போகிறார்கள் என்று.

பின்னால் ஜன்னலிலிருந்து அக்கா குரல் வந்தது. மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். "உக்காரேன்ப்பா. உனக்கு ஒண்ணும் புது இடம் இல்லையே. பதினேழு வருஷத்துக்கு முன்னால, ஒரு கைப்பையோட, முன்வாசல்ல வர வெக்கப்பட்டுக்கிட்டு எந்த வழியா வந்தே?"

அண்ணன் சபையில் சொல்வது வேறு கதை. பழைய போதகரே நேரில் அழைத்து வந்தார் என்று. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் ஜன்னலில் நீண்டிருந்த தட்டைப் பார்த்ததும் கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. வேலை தேடி வந்த இரண்டாம் நாள். இதே ஜன்னல். இதே போல விரலைச் சுட்ட தட்டு. அன்றைக்கும் அதை நீட்டிய அக்காவின் கை எதுவும் கேட்கவில்லை, எங்கிருந்து வருகிறாய் என்றுகூட.

வாங்கிக்கொண்டார். பாதிப் பெட்டியில் உட்கார்ந்தார். பாத்திரத்தில் சுரண்டிய கறி, கொஞ்சம் அடிப்பிடித்தது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக விருந்து நாளில் உட்கார்ந்து சாப்பிட்டார். நடுவில் மூக்கை உறிஞ்சினார். காரம் என்று கிழவரிடம் சொன்னார்.

"காரமே இல்லையே" என்றார் கிழவர்.

போதகர் அவரைத் தேடிக்கொண்டு வந்தபோது அண்ணன் வாய் நிறையச் சோறோடு இருந்தார்.

"என்னண்ணே, இங்க உக்காந்துட்டீங்க? முடிவு பண்ணணுமே. புதுசா யாராவது வந்தாங்களா?"

அண்ணன் முழுங்கினார். "இருபத்திமூணு பேர், பாஸ்டர்." பிறகு, தன் தட்டைப் பார்த்து, "இருபத்திநாலுன்னு வச்சுக்குங்க."

விருந்து நிற்கவில்லை. அன்றைக்கே மேசைகளைப் பின்கதவு வழியாக முற்றத்துக்கு இழுத்தார்கள். இரண்டாவது மேசைக்காரர்களும் ஒரு கை கொடுத்தார்கள் என்பது வரலாற்றில் பதியத் தக்கது. விருந்தாளி நாற்காலியும் வந்தது. தாயின் கையைப் பிடித்து வந்த பிள்ளை அதில் ஏறி நின்றுகொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பில் ஐந்து விரலையும் கறியோடு பதித்தது. அண்ணன் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். முதுகுப் பக்கச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கண் கலங்கிவிட்டதா? அவசரப்படாதீர்கள். இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழிகிற இனமில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் பின்வாசலில் நின்றார். முகம் மலர்ந்திருந்தது, கை இரண்டும் விரிந்திருந்தது. "வாங்க, வாங்க! எல்லாருக்கும் இடமிருக்கு!" ஒரு கேள்வி கேட்கவில்லை. அக்காவே ஆச்சரியப்பட்டு எட்டிப் பார்த்தார். அப்போது பாடகர் குழுத் தலைவி தட்டோடு வந்து, காற்று நன்றாக வருகிறதே என்று மூன்றாவது படியில் உட்காரப் போனார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார் பந்தி அண்ணன். "அந்தப் படி, இனிமே வரப்போறவங்களுக்கு."

படியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. தலைவி அதன்மேலேயே உட்கார்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களிடம் சட்டைப்பையில் சீட்டு இல்லை, வாசலில் நின்று நான்கு கேள்வி கேட்கிற பழக்கமும் இல்லை. உங்கள் வீட்டில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அது எனக்குத் தெரியும், நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் ஒரே ஒரு விஷயம். இதைப் பேருந்திலோ, ரயிலிலோ, ஏதாவது காத்திருப்பு அறையிலோ படித்துக்கொண்டிருந்தால், தலையைக் கொஞ்சம் திருப்புங்கள். பக்கத்து இருக்கை காலி. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். தப்பாக நினைக்காதீர்கள்.

அந்த இருக்கையின்மேல் இருப்பது யாருடைய பை?